இரண்டாவது மீட்டருக்குப் பின்னால்

பிரிட்டனில் வீட்டில் குடியிருப்பவர் மின்சார நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் வைத்திருப்பார். அவர் வீட்டுக்கென்று தனி மீட்டர் இருக்கும், பில் அவர் பெயருக்கு வரும். 2019 ஜனவரியிலிருந்து விலை உச்சவரம்பு என்ற பாதுகாப்பும் உண்டு. நிலையான ஒப்பந்தம் போடாத வீடுகளிடம் ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அவ்வப்போது அறிவிக்கிறது. கேரவன் தளத்தில் இருப்பவரின் நிலை வேறு. பெரும்பாலான தளங்களில் மின்சார நிறுவனம் அறிந்தது நுழைவாயிலில் உள்ள ஒரே ஒரு முதன்மை மீட்டரை மட்டுமே. நிறுவனத்தைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் தள உரிமையாளர். அதுவும் வணிக வாடிக்கையாளர். உள்ளே வரிசையாக நிற்கும் வண்டிகளிலும் வீடுகளிலும் விளக்கெரிப்பவர்கள் அவரிடமிருந்து மின்சாரத்தை மறுவிலைக்கு வாங்குகிறார்கள்.

இந்த மறுவிற்பனை எப்படி நடக்கிறது, அதில் நியாயம் என்பது எதைக் குறிக்கும் என்பதை ஆராய கேரவன் தளம் நல்ல இடம். கார் பின்னால் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து இரண்டு இரவு தங்கிப் போகும் சுற்றுலாப் பயணி அங்கே இருக்கிறார். நிலையாக நிறுத்திய விடுமுறை கேரவனுக்குக் கோடைதோறும் வருபவர் இருக்கிறார். ‘பார்க் ஹோம்’ எனப்படும் நகர்த்தக்கூடிய வீட்டை விலைக்கு வாங்கி, அது நிற்கும் தரைக்கு மட்டும் வாடகை கொடுத்து ஆண்டு முழுவதும் வாழும் முதியவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் மட்டும் சுமார் 2,000 பார்க் ஹோம் தளங்களில் ஏறக்குறைய 85,000 குடும்பங்கள் வாழ்கின்றன. உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் தளங்களில் நாடோடி மரபைச் சேர்ந்த ஜிப்சி, டிராவலர் சமூகத்தினரும் வாழ்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மின்சாரம் வரும் வழி ஒன்றுதான். அதன் விலை தவறினால் விளைவு ஒன்றல்ல. சுற்றுலாப் பயணி அடுத்த முறை வேறு தளத்துக்குப் போவார். பார்க் ஹோமில் வாழும் மூதாட்டியால் அப்படிப் போக முடியாது. வீட்டை விற்றாலும் விற்பனை விலையில் 10 விழுக்காடு வரை தள உரிமையாளருக்குத் தரகாகப் போய்விடும்.

முதலில் சுற்றுலா வண்டியைப் பார்ப்போம். ஒவ்வோர் இடத்துக்கும் அருகில் ஒரு சிறு கம்பம். அதில் நீல நிற சாக்கெட். வண்டிக்காரர் 25 மீட்டர் நீளமுள்ள ஆரஞ்சு கேபிளைச் செருகுகிறார். பிரிட்டனில் பொதுவான அளவு 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 3,680 வாட். சாதாரண வீடொன்றில் கெட்டில் மட்டுமே 3,000 வாட் வரை இழுக்கும் நாட்டில் இது தாராளமான அளவன்று.

கோடையில் ஒரு வண்டிக்கு மிகக் கொஞ்சமே போதும். எல்இடி விளக்குகள், தொலைக்காட்சி, பேட்டரி சார்ஜர், நாள் முழுவதும் ஓடும் குளிர்பெட்டி. கேரவன்களில் பரவலாக உள்ள குளிர்பெட்டி கம்ப்ரெசர் இல்லாதது. வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டுவது. மின்சாரத்திலும் எரிவாயுவிலும் 12 வோல்ட்டிலும் ஓடும். அது மட்டும் நாளுக்கு 3 யூனிட் அளவுக்குச் சாப்பிடும். மற்றவற்றைச் சேர்த்தாலும் நான்கு, ஐந்து யூனிட்டுக்குள் ஒரு நாளை முடித்துவிடலாம். குளிர்காலத்தில் கணக்கு தலைகீழாகிறது. கேரவனின் சுவர் சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள பலகைக் கூட்டு. உள்ளே 1,800 வாட் ஹீட்டர் நாளில் பாதி நேரம் ஓடினால் 21.6 யூனிட். முன்புறம் கட்டிய துணிக்கூடாரத்திலும் ஒரு ஹீட்டரை வைத்தால், அந்தச் சூடு நேரே வானத்துக்குத்தான் போகும். போதாக்குறைக்கு இப்போது மின்கார் வந்திருக்கிறது. சாதாரண சாக்கெட்டில் 10 ஆம்பியர் அளவில் பத்து மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் 23 யூனிட்.

ஒரே தளத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்று நாளுக்கு 4 யூனிட்டும் மற்றொன்று 40 யூனிட்டும் எடுக்கலாம் என்று இதற்குப் பொருள். யூனிட் 30 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒருவரின் செலவு 1 பவுண்டு 20 பென்ஸ். மற்றவருடையது 12 பவுண்டு. ‘மின்வசதியுள்ள இடம்’ என்று இருவரிடமும் ஒரே தொகை வாங்கும் தளத்தில், முதலாமவர் இரண்டாமவரின் ஹீட்டருக்குப் பணம் கட்டுகிறார். நீண்ட காலம் பிரிட்டனின் கேரவன் தளங்களில் இதுவே பரவலான நடைமுறையாக இருந்தது. மின்சாரம் மலிவாக இருந்தவரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பல தளங்கள் குளிர்காலத்துக்குச் சற்றுக் கூடுதல் தொகை என்று வைத்துச் சமாளித்தன.

இந்த முறையின் பெரிய குறை, வீணாக்குவதற்கு அது கூலி கொடுப்பதுதான். கேரவனின் ஹீட்டரும் வெந்நீர்க் கலனும் குளிர்பெட்டியும் எரிவாயுவிலும் ஓடக்கூடியவை. 6 கிலோ புரொப்பேன் சிலிண்டரில் சுமார் 80 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதை வண்டிக்காரர் தன் காசில் வாங்க வேண்டும். மின்சாரத்துக்கோ ஏற்கெனவே கட்டியாயிற்று. எனவே சிலிண்டரை மூடிவிட்டு எல்லாவற்றையும் மின்சாரத்தில் ஓட்டுவதுதான் அவருக்கு லாபம். வெளியே போகும்போது ஹீட்டரை அணைக்க அவருக்குக் காரணமே இல்லை. இதில் அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. விலைமுறைதான் அவரை அப்படி நடக்கத் தூண்டுகிறது.

அப்படியானால் ஒவ்வோர் இடத்துக்கும் மீட்டர் வைத்துவிட்டால் போதுமா? ஆற்றல் விலை எகிறிய 2022க்குப் பிறகு பல தளங்கள் அந்தப் பக்கம் போயிருக்கின்றன. மீட்டர் வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் அது எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

100 ஆம்பியர் மூன்று பேஸ் இணைப்பு உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பேஸையும் கூட்டினால் 300 ஆம்பியர். 16 ஆம்பியர் வீதம் முழுமையாகக் கொடுத்தால் 18 இடங்களோடு தீர்ந்துபோகும். அதே இணைப்பில் 60 இடங்களை நடத்தினால் சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 5 ஆம்பியர். எல்லோரும் ஒரே நொடியில் முழு அளவை எடுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் தளங்கள் நடக்கின்றன. மின்பொறியாளர்களும் அதைக் கணக்கில் கொண்டே கேபிள் போடுகிறார்கள். ஒருவர் தேநீர் போடும்போது பக்கத்து வண்டிக்காரர் கடற்கரையில் இருப்பார். இந்தக் கணக்கை மின்கார் உடைக்கிறது. பத்துப் பேர் இரவு முழுக்க 10 ஆம்பியர் வீதம் எடுத்தால் தளத்தின் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. உறைபனி இரவென்றால் மற்ற ஐம்பது வண்டிகளிலும் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இடத்துச் சாக்கெட்டில் காரை மாட்டக் கூடாது என்று பல தளங்கள் தடை போடுவது இதனால்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு யூனிட் தேவை. 3,000 வாட் கெட்டிலானாலும் பயணத்துக்கென்றே விற்கும் 1,000 வாட் கெட்டிலானாலும் தேவை அதேதான். பின்னதில் நேரம் மட்டும் மூன்று மடங்கு. மீட்டருக்கு இரண்டும் ஒன்று. கேபிளுக்கு ஒன்றல்ல. 6 ஆம்பியர் இடத்தில் முதல் கெட்டிலைப் போட்டவுடன் ட்ரிப் ஆகிவிடும். ஆக, மின்சாரத்தில் இரண்டு வகைச் செலவு கலந்திருக்கிறது: எவ்வளவு எடுத்தோம் என்பது ஒன்று, ஒரே நேரத்தில் எவ்வளவு இழுத்தோம் என்பது இன்னொன்று. தடித்த கேபிள், பெரிய இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் இரண்டாவதற்கான செலவு.

பிரான்ஸின் முகாம் தளங்கள் இதை வேறு வழியில் அணுகுகின்றன. அங்கே 6 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று வகை பிரித்து, அதற்கேற்ப நாள் கட்டணம் வாங்குவது வழக்கம். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது புதிதன்று. அவர்களின் வீட்டு இணைப்பே இத்தனை கிலோவோல்ட் ஆம்பியர் என்று சந்தா வாங்குவதுதான். அதைத் தாண்டினால் மீட்டர் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். அதற்குள் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பிரெஞ்சு முறையில் யூனிட் கணக்கு மறைந்துபோகிறது. 6 ஆம்பியருக்குள் ஒருவர் இரவும் பகலும் ஹீட்டரை ஓட்டலாம். என் கணிப்பில் இரண்டையும் சேர்ப்பதே நேர்மையானது. இணைப்பின் அளவுக்கு இடவாடகையிலேயே ஒரு பங்கு, எடுத்த யூனிட்டுக்கு மீட்டர்படி. 6 ஆம்பியர் போதும் என்பவருக்கு வாடகையும் குறைய வேண்டும்.

கேரவன் தளத்தின் மின்னமைப்பு மற்ற இடங்களைவிடச் செலவு பிடிப்பது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடுகளில் மின்சார நிறுவனத்தின் நியூட்ரலையே எர்த்தாகப் பயன்படுத்தும் முறை பிரிட்டனில் சாதாரணம். அந்த எர்த்தைக் கேரவனுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மின்பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன. நியூட்ரல் எங்காவது அறுந்தால் வண்டியின் உலோக உடம்பு முழுவதும் மின்சாரம் ஏறும்; ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் தளமே தனியாக எர்த் போட வேண்டும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் காலம் தவறாமல் சோதிக்க வேண்டும். இது உண்மையான செலவு. உரிமையாளர் அதைத் திரும்பப் பெறுவதில் தவறில்லை. எந்தத் தலைப்பில் பெறுகிறார் என்பதே கேள்வி.

இதற்குச் சட்டம் ஒரு தெளிவான பதில் வைத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, மறுவிற்பனைக்கு உச்சவிலை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை அமைப்புக்குத் தருகிறது. அதன்படி 2003 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதி எளிமையானது: வீட்டு உபயோகத்துக்கு மின்சாரத்தை மறுபடி விற்பவர், தான் வாங்கிய விலைக்கு மேல் விற்கக் கூடாது. யூனிட் விலை அப்படியே, நிலைக்கட்டணத்தில் அவரவர் உபயோகத்துக்கேற்ற பங்கு, அவற்றின்மேல் வரி. லாபம் கூடாது. பராமரிப்பு, கேபிள், மீட்டர் படிக்கும் கூலி ஆகியவற்றை யூனிட் விலைக்குள் ஒளித்துவைக்கக் கூடாது.

ஒரு கற்பனைத் தளத்தில் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதத்தில் முதன்மை மீட்டர் காட்டியது 10,000 யூனிட். நிறுவனம் போட்ட விலை யூனிட்டுக்கு 28 பென்ஸ், நிலைக்கட்டணம் 90 பவுண்டு. 400 யூனிட் எடுத்த வீட்டுக்கு மின்சாரம் 112 பவுண்டு; நிலைக்கட்டணத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, அதாவது 3 பவுண்டு 60 பென்ஸ்; 5 விழுக்காடு வரியோடு மொத்தம் 121 பவுண்டு 38 பென்ஸ். இதற்கு மேல் வாங்கினால், வாங்கியதைத் திரும்பக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பார்க் ஹோம் குடியிருப்போருக்கு இன்னும் ஒரு பிடி இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் மொபைல் ஹோம்ஸ் சட்டப்படி, கேட்டால் கட்டணத்துக்கான ஆவண ஆதாரத்தை உரிமையாளர் இலவசமாகக் காட்ட வேண்டும். 2011 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தின் உள்ளாட்சி டிராவலர் தளங்களும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

தாளில் நன்றாக இருக்கிறது. நடப்பில் பல ஓட்டைகள். மொத்த வாடகைக்குள் மின்சாரமும் அடக்கம் என்று சொல்லிவிட்டால் இந்த விதி எட்டாது. தனியாக விலை போட்டால்தானே உச்சவிலை? எரிவாயுக் குழாய் எட்டாத நாட்டுப்புறத் தளங்கள் நம்பியிருக்கும் சிலிண்டர் வாயுவுக்கும் இது பொருந்தாது. துணை மீட்டர்களின் கூட்டுத்தொகை முதன்மை மீட்டரோடு ஒருநாளும் பொருந்துவதில்லை. கேபிளில் இழப்பு உண்டு. தெருவிளக்கு, குளியலறை, அலுவலகம், நீச்சல் குளம் எல்லாம் அதே மீட்டரில் ஓடும். அந்த வித்தியாசத்தைக் குடியிருப்போர் தலையில் பிரித்துப் போடும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முதன்மை பில்லையும் எல்லாத் துணை மீட்டர் அளவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். தனி ஒருவரால் அது ஆகாது. எழுபது வயதுக்கு மேல், தன் வீடு நிற்கும் மண்ணின் உரிமையாளரைக் கோர்ட்டுக்கு இழுக்கத் துணிபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

தண்ணீர் விஷயத்தில் விதி இன்னும் நுட்பமாக இருப்பது கவனிக்கத்தக்கது. 2006ஆம் ஆண்டின் தண்ணீர் மறுவிற்பனை ஆணை, நிர்வாகச் செலவுக்கென்று மீட்டர் இல்லாத வீட்டுக்கு நாளுக்கு ஒன்றரைப் பென்ஸ், மீட்டர் உள்ள வீட்டுக்கு 3 பென்ஸ் என்று அளவு கட்டியிருக்கிறது. உரிமையாளரின் உழைப்பை ஒப்புக்கொண்டு அதற்கு எல்லையும் போடுகிறது. மின்சாரத்திலும் இப்படி ஒரு சிறு தொகையை வெளிப்படையாக அனுமதித்திருந்தால், பல தகராறுகளுக்கு வேலையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஓட்டைகளைவிடப் பெரிய குறை விதியின் அடிப்படையிலேயே இருக்கிறது. உரிமையாளரின் லாபத்தைத்தான் அது தடுக்கிறது. அவர் வாங்கும் விலையே அநியாயமாக இருந்தால் அந்த அநியாயம் அப்படியே, சட்டப்படி, உள்ளே இருப்பவருக்குக் கடத்தப்படுகிறது. இது 2022இல் வெட்டவெளிச்சமானது. வீட்டு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு அக்டோபர் முதல் அரசின் விலை உத்தரவாதம் வந்தது. மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 34 பென்ஸ் அளவில் நின்றது. தள உரிமையாளர்கள் கையெழுத்திட்டிருந்ததோ வணிக ஒப்பந்தம். அதற்கு உச்சவரம்பு கிடையாது. அந்த ஆண்டில் ஒப்பந்தம் புதுப்பிக்க நேர்ந்த பல தளங்களின் குடியிருப்போர், பக்கத்துத் தெருவில் இருப்பவரைவிட அதிக விலை கொடுத்தார்கள். உரிமையாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இதைத் தவிர்த்திருக்க முடியாது.

வணிக வாடிக்கையாளர்களுக்கும் 2023 மார்ச் இறுதிவரை ஆறு மாத நிவாரணம் இருந்தது. அதைக் குடியிருப்போருக்குக் கடத்தியே ஆக வேண்டும் என்று தனி விதியும் வந்தது. ஏப்ரலிலிருந்து அந்த இடத்தில் வந்த திட்டம் யூனிட்டுக்கு அதிகபட்சம் 2 பென்ஸ்கூடத் தரவில்லை. வீட்டு வாடிக்கையாளர்களுக்கான உத்தரவாதம் மட்டும் ஜூன்வரை அதே அளவில் தொடர்ந்தது. இருவரும் ஒரே குளிரில், ஒரே தேவைக்காக ஹீட்டர் போட்டவர்கள்தான்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசு கொடுத்த 400 பவுண்டின் கதை இதைவிட வருத்தமானது. சாதாரண வீடுகளுக்கு அது 2022 அக்டோபர் முதல் ஆறு தவணையாக, கேட்காமலே மின்கணக்கில் வந்து சேர்ந்தது. மின்சார நிறுவனத்தோடு நேரடித் தொடர்பு இல்லாத குடும்பங்கள் 9 லட்சத்துக்கு மேல் என்று அரசே மதிப்பிட்டது. பார்க் ஹோம், படகு வீடு, டிராவலர் தளம் எல்லாம் அதில் அடக்கம். அவர்களுக்கான விண்ணப்பப் பக்கம் திறந்தது 2023 பிப்ரவரி 27. குளிர்காலம் முடியும் தறுவாய். மே 31 அன்று மூடிவிட்டார்கள். தகுதியுள்ளவர்களில் சிறு பகுதியினருக்கே பணம் போய்ச் சேர்ந்தது. இணையம் பழகாத முதியவர்களும், முகவரிச் சான்று காட்டுவதே போராட்டமாக உள்ள டிராவலர் குடும்பங்களும் விடுபட்டதில் வியப்பில்லை. எந்தப் பட்டியலிலும் பெயரில்லாதவரைத் தேடிப் போய்க் கொடுக்க அரசிடம் வழி இருக்கவில்லை. அவர்களின் பெயர்கள் இருந்தது தள உரிமையாளரின் குறிப்பேட்டில்.

முதன்மை மீட்டருக்கு அப்பால் பார்க்க முடியாது என்பது அரசின் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தாது. வரித்துறை பார்க்கிறது. பிரிட்டனில் வீட்டு உபயோக மின்சாரத்துக்கு 5 விழுக்காடு வரி, வணிகத்துக்கு 20. கேரவனும் படகு வீடும் வீட்டு உபயோகம் என்றே வரிவிதி ஏற்கிறது. ஓர் இணைப்பில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் வீட்டு உபயோகமாக இருந்தால் முழு இணைப்பையும் வீடாகவே கருதி 5 விழுக்காடு போடுகிறது. உரிமையாளர் நிறுவனத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும். (அதைக் கொடுக்காத சோம்பேறித்தனத்தால் குடியிருப்போர் 20 விழுக்காடு கட்டிக்கொண்டிருக்கக் கூடும். பில்லைக் கேட்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.) ஆக, வணிகப் பெயரில் உள்ள மீட்டருக்குப் பின்னால் வாழ்பவர்கள் குடும்பங்கள்தாம் என்று ஒப்புக்கொள்ளும் நடைமுறை ஏற்கெனவே இருக்கிறது. அதே 60 விழுக்காட்டு அளவுகோலை விலை உச்சவரம்புக்கும் பயன்படுத்தலாம். அந்தச் சான்றிதழைக் கொடுக்கும் தளத்துக்கு, வீடுகளுக்கு விற்கும் விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று நிறுவனத்துக்கு உத்தரவிட்டால், வாங்கிய விலைக்கே விற்க வேண்டும் என்ற 2003ஆம் ஆண்டு விதி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இப்படி விரிக்க முன்மாதிரியும் உண்டு. பொதுக் கொதிகலனிலிருந்து குழாய் வழியாகப் பல வீடுகளுக்கு வெந்நீர் கொடுக்கும் வெப்ப வலையமைப்புகளில் இருந்தவர்களும் 2022இல் இதே பொறியில் மாட்டினார்கள். அவர்களும் வணிக ஒப்பந்தத்துக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகான திட்டத்தில் அவர்களுக்குத் தனியாகக் கூடுதல் ஆதரவு கிடைத்தது; அக்டோபரில் நிறைவேறிய எரிசக்திச் சட்டம் அவர்களை ஆஃப்ஜெமின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. பார்க் ஹோம்களும் டிராவலர் தளங்களும் அந்த இரண்டிலும் சேர்க்கப்படவில்லை.